பெடல் ஸ்டீல் கிட்டாரில் முழங்கால் நெம்புகோலை முதலில் வைத்தவர் ஸேன் பெக்

தாமிரக்கம்பி:

சென்ற வாரம் ஃபெண்டர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வாத்தியங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெடல் ஸ்டீலுக்கு முழங்கால் நெம்புகோல் "காலப்போக்கில் தானாக வந்து சேர்ந்தது" என்று ஓர் அன்பர் எழுதிவிட்டுப் போனார். எந்த உறுப்பும் ஒரு வாத்தியத்தில் தானாக முளைப்பதில்லை என்பதால் இந்த இழையைத் தனியே தொடங்குகிறேன். (புதியவர்களுக்கு: பெடல் ஸ்டீல் என்பது படுக்கை வாக்கில் வைத்து, கம்பிகளின் மேல் உருக்குத் தண்டை நகர்த்தியும் பெடலால் சில கம்பிகளின் சுருதியை மாற்றியும் வாசிக்கும் மின்கிட்டார்.) 1950-களில் அமெரிக்க ஸ்டீல் கலைஞர் ஸேன் பெக், ரே நோரனின் கன்சோல் ஸ்டீலில் (கால்களின் மேல் நிற்கும் ஸ்டீல் கிட்டாரில்) முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களைப் பொருத்தினார். தொடக்கத்தில் அவை கம்பியின் சுருதியை இறக்க மட்டுமே செய்தன; ஏற்றவும் இறக்கவும் வல்லவையாக ஆனது பின்னால்தான். தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய இசட்.பி. கிட்டார்களையும் பெக் பிற்பாடு உருவாக்கினார். ஆகவே முழங்கால் நெம்புகோலின் தந்தை யார் என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடை உண்டு என்பதே என் வாதம்.

சுருதிபேதம்:

தகவலில் எனக்கு மறுப்பில்லை. "தந்தை" என்ற சொல்லில்தான் மறுப்பு. வாத்தியத்துக்காக முழங்காலை வேலை வாங்கும் யோசனை பெக்கைவிட ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் மூத்தது. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய, ஆஸ்திரியப் பியானோக்கள் பலவற்றில், இன்று பாதத்தால் மிதிக்கும் பெடல் செய்யும் வேலையை விசைப்பலகையின் அடியில் இருந்த முழங்கால் நெம்புகோல்தான் செய்தது. 1777 அக்டோபரில் அவுக்ஸ்பர்க்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், ஸ்டைன் செய்த பியானோக்களில் இந்த அமைப்பு மற்றவற்றைவிடச் செம்மையாக இயங்குவதாக மொசார்ட் பாராட்டியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரீட் ஆர்கனை (ஆர்மோனியத்தின் உறவான, காலால் காற்றடிக்கும் விசைப்பலகை வாத்தியத்தை) பாருங்கள்: இரண்டு பாதங்களும் துருத்தியை மிதிப்பதிலேயே ஈடுபட்டிருந்ததால், ஒலியைப் பெருக்கவும் தணிக்கவும் முழங்காலால் தள்ளும் பலகைகளை வைத்தார்கள். நாட்டுப்புறத் தேவாலயத்திலும் வீட்டுக் கூடத்திலும் அந்த ஆர்கனைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிலிருந்துதான் ஸ்டீல் கலைஞர்களும் வந்தார்கள். பாதம் ஓய்வில்லாதபோது முழங்காலை நாடுவது அங்கே பழகிப்போன வழி.

தாமிரக்கம்பி:

நீங்கள் சொன்ன இரண்டுமே ஒலியின் நீட்சியையோ அளவையோ மாற்றுபவை. ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு கம்பியின் சுருதியை முழங்காலால் மாற்றுவது முற்றிலும் வேறு காரியம். தையல் எந்திரத்தில்கூட முழங்காலால் அழுத்துபாதத்தைத் தூக்குகிறார்கள். அதையும் வம்சாவளியில் சேர்க்கப் போகிறீர்களா?

சுருதிபேதம்:

தையல் எந்திரத்தைச் சேர்ப்பதில் எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. ஆனால் சுருதிதான் கேள்வி என்றால் யாழின் உறவான ஹார்ப் இருக்கிறதே. 1810-இல் பிரெஞ்சு வாத்தியத் தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற ஹார்ப்பில் ஏழு பெடல்கள். ஒவ்வொன்றும் இரண்டு படிகளில் இறங்கி, உரிய சுரத்தின் எல்லாக் கம்பிகளையும் அரை அரைச் சுரமாக ஏற்றும். ஸ்டீல் கலைஞர் ஆல்வினோ ரே துணைநிற்க கிப்ஸன் கிட்டார் நிறுவனம் 1940-ஐ ஒட்டி வெளியிட்ட பெடல் ஸ்டீலுக்கு "எலெக்ட்ராஹார்ப்" என்றே பெயர் வைத்தார்கள். சுருதியை மாற்றும் பெடல் ஹார்ப்பிலிருந்து, முழங்கால் ஆர்கனிலிருந்து. பெக் இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தார்.

ஆறாம்விரல்:

இருவரும் "யார் முதலில்" என்பதிலேயே நிற்கிறீர்கள். முழங்கால் எதற்குத் தேவைப்பட்டது என்பதை வாத்தியத்தின் முன் உட்கார்ந்து பார்த்தால் விவாதம் வேறு திசையில் போகும்.

என்னிடம் இருப்பது ஈ9 என்னும் சுருதியமைப்பில் (கம்பிகளை மீட்டிவைக்கும் முறையில்) பழைய பத்துக்கம்பி வாத்தியம். உருக்குத் தண்டு எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகத்தான் நகர்த்தும். குறிப்பிட்ட கம்பியை மட்டும் அசைக்கப் பெடல் வேண்டும். வலது பாதம் ஒலியளவுப் பெடலை விட்டு நகர முடியாது. இடது பாதத்தைச் சற்றே சாய்த்தால் அடுத்தடுத்த இரண்டு பெடல்களை மிதிக்கலாம், நடுவே ஒன்றை விட்டு அடுத்ததை மிதிக்க முடியாது. இப்போது முதல் பெடலை மிதிக்கிறேன். பி கம்பிகள் இரண்டும் சி ஷார்ப்புக்கு ஏறுகின்றன. மிதித்தபடியே இடது முழங்காலைச் சிறிதளவு இடப்பக்கம் தள்ளினால் ஈ கம்பிகள் எஃப்புக்கு ஏறுகின்றன. ஜி ஷார்ப் அசையவில்லை, உருக்குத் தண்டும் அசையவில்லை. ஈ மேஜர் சுரக்கூட்டாக (கார்டாக) இருந்தது சி ஷார்ப் மேஜராகிவிட்டது. அதே முழங்காலை வலப்பக்கம் தள்ளினால் அதே ஈ கம்பிகள் டி ஷார்ப்புக்கு இறங்கும். ஒரே கம்பியை ஏற்றவும் இறக்கவும் செய்து, விட்டவுடன் பழைய சுருதிக்குத் துல்லியமாகத் திரும்பவைக்கும் பொறியமைப்புதான் உண்மையான சவால். (என் வாத்தியம் அப்படித் திரும்ப மறுத்ததால் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அதன் அடிவயிற்றில் திருகாணி முடுக்கியே கழித்தேன்.)

இந்த ஒலிக்கு ஒரு முன்கதையும் உண்டு. பெடல் 1940 வாக்கிலேயே இருந்தது. வாத்தியம் செய்பவரான பால் பிக்ஸ்பி 1948-இல் ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்ட்டுக்கும் பெடல் வாத்தியம் செய்து கொடுத்தார். ஆயினும் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் "ஸ்லோலி" பாடலில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்த பிறகுதான், 1954-இல், எல்லாரும் அதைத் தேடி ஓடினார்கள். ஐசக்ஸ் ஒரே பெடலில் ஏற்றிய இரண்டு மாற்றங்களை இன்னொரு ஸ்டீல் கலைஞரான பட்டி எம்மன்ஸ் இரு பெடல்களாகப் பிரித்தார். 1960-களின் தொடக்கத்தில் எஃப் ஷார்ப், டி ஷார்ப் கம்பிகளையும் சேர்த்தார். இத்தனை சேர்ந்த பிறகு ஒரு பாதத்தால் சமாளிக்க முடியாத நிலை வந்தது. முழங்கால் நிரந்தர உறுப்பானது அந்த நெருக்கடியில்தான். பெருமையில் பெரும்பங்கு கன்ட்ரி இசையின் நகரமான நாஷ்வில்லின் கலைஞர்களுக்கே போக வேண்டும்.

தாமிரக்கம்பி:

விளக்கம் அருமை, முடிவு ஏற்புடையதன்று. தேவையை உணர்ந்தவர்கள் பலர் இருக்கலாம். கைக்கு எட்டும் தூரத்தில் விடை இருந்ததற்குக் காரணம் ஒருவர். சுருதிபேதம் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1957-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ஃபெண்டர் 1000 என்ற பெடல் ஸ்டீலை வெளியிட்டபோது அதில் எட்டுக்கம்பிக் கழுத்துகள் இரண்டு, பெடல்கள் எட்டு, முழங்கால் நெம்புகோல் ஒன்றுகூட இல்லை. ஆர்கனைக் கண்ட எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை என்றால், அவ்வளவு பெரிய பட்டறைக்கு ஏன் தோன்றவில்லை?

சுருதிபேதம்:

ஃபெண்டர் கேள்வி என் வாதத்தில் ஓட்டை போட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழகிய யோசனையாக இருந்தும் அதை இந்த வாத்தியத்தில் பொருத்திப் பார்க்கும் துணிவு பெக்குக்கு இருந்தது. அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஆனால் ஆறாம்விரல் அவர்கள் காட்டிய ஏற்ற இறக்கம் இரண்டும் கொண்ட நெம்புகோலையும், இறக்க மட்டுமே தெரிந்த பெக்கின் முதல் நெம்புகோலையும் ஒரே பொருளாகக் கொண்டு, ஒருவர் பெயரை மட்டும் பொறிப்பதை இன்னும் ஏற்க மாட்டேன். "முதலில் வைத்தவர்" என்று எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன். "தந்தை" வேண்டாம்.

தாமிரக்கம்பி:

தலைப்பில் "வைத்தவர்" என்றுதான் எழுதியிருக்கிறேன், ஐயா. உள்ளே எழுதிய "தந்தை"யை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.