இண்டக்டிவ் சென்சாரில் அதிர்வு அளக்கலாமா? எத்தனை ஹெர்ட்ஸ் வரை?

கேள்வி:
1480 ஆர்பிஎம் பம்ப் மோட்டார், பால் பேரிங் 6205. எம்18 இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சார் (உலோகம் அருகே வந்தால் ஆன் ஆகும் சுவிட்ச்) ஒன்று சும்மா கிடக்கிறது, ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி 500 ஹெர்ட்ஸ். ஷாஃப்ட் சுற்றுவது 25 ஹெர்ட்ஸ்தானே, தாராளமாகப் போதாதா? அதிர்வும் பேரிங் தேய்மானமும் பிஎல்சியில் (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) தெரியணும்.

பதில்:
போதாது சார். அந்த 500, விநாடிக்கு எத்தனை முறை ஆன்-ஆஃப் ஆகும் என்கிற கணக்கு. சென்சிங் தூரம் 5 மி.மீ., ஹிஸ்டெரிசிஸ் (ஆன் ஆகும் தூரத்துக்கும் ஆஃப் ஆகும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம்) 10% என்றால் ஒருமுறை ஆன் ஆனது ஆஃப் ஆகவே 0.5 மி.மீ. நகரணும். ஷாஃப்ட் ஆடுவதோ சில பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவுட்புட் அசையாது. ஷாஃப்டில் உள்ள கீவே பள்ளத்தைப் பார்க்க வைத்து ஆர்பிஎம் எண்ணுங்கள், அதற்கு அருமையான சென்சார்.

கேட்டவர்:
தூரத்துக்கேற்ப 0-10 வோல்ட் தரும் அனலாக் இண்டக்டிவ் வாங்கினால்?

பதில்:
டேட்டாஷீட்டில் -3 டிபி ஃப்ரீக்வென்சி பாருங்கள். அந்த இடத்திலேயே அளவு 70 சதவீதமாகக் குறைந்துவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம் பிஎல்சி. அனலாக் கார்டு 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 100 முறை படித்தால், அதில் பாதியான 50 ஹெர்ட்ஸுக்கு மேல் வருவதெல்லாம் பொய்யான ஃப்ரீக்வென்சியில் விழும். 6205 வெளிவளையத்தில் பழுது வந்தால் அடி விழுவது சுழற்சியைப் போல் 3.585 மடங்கில், அதாவது சுமார் 88 ஹெர்ட்ஸ். உங்களுக்கு அது 100-88, அதாவது 12 ஹெர்ட்ஸாகத் தெரியும்!

பதில்:
ஷாஃப்டைத் தொடாமல் இடைவெளியை அளக்கும் நல்ல எடி கரண்ட் புரோப் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 8 மி.மீ. புரோப் என்றால் -24 வோல்ட் சப்ளை, மைக்ரானுக்கு 7.87 மில்லிவோல்ட், புரோபுக்கும் ஷாஃப்டுக்கும் இடைவெளி, அவுட்புட் -10 வோல்ட் வருமாறு, சுமார் 1.25 மி.மீ. கேபிள் நீளம் டிரைவரோடு (புரோபை இயக்கி சிக்னல் தரும் பெட்டி) பொருந்தணும், வெட்டிச் சுருக்கினால் காலிபரேஷன் போச்சு. அளவீடு 4140 என்ற ஸ்டீல் ரகத்துக்கானது, வேறு உலோகம் என்றால் மறுபடி காலிபரேட் செய்யணும். ஷாஃப்டில் கீறலோ காந்தத்தன்மையோ இருந்தால் அதையும் அதிர்வாகவே காட்டும்.

ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். 1 ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கம் 25 ஹெர்ட்ஸில் 400 மைக்ரான் ஆட்டம். 1 கிலோஹெர்ட்ஸில் கால் மைக்ரான். 10 கிலோஹெர்ட்ஸில் 2.5 நானோமீட்டர். சென்சாரின் வேகம் தீருமுன்னே அளக்க வேண்டிய ஆட்டமே தீர்ந்துவிடுகிறது. பேரிங் பழுதின் முதல் அறிகுறி கிலோஹெர்ட்ஸ் கணக்கில்தான் வரும். இந்த புரோப் எண்ணெய்ப் படலத்தில் ஷாஃப்ட் மிதக்கும் ஸ்லீவ் பேரிங்குக்கு. பால் பேரிங்குக்கு 100 மில்லிவோல்ட்/ஜி ஆக்ஸெலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) வாங்கி, பேரிங் ஹவுசிங்கில் பெயிண்டைச் சுரண்டி ஸ்டட் (மரையுள்ள திருகு) போட்டு இறுக்குங்கள். மேக்னெட் வைத்தால் மேல் ஃப்ரீக்வென்சி குறையும்.