மறு: டீசென்சிடைசேஷன் – இதயத் தசைச் செல்லுக்கு ‘உணர்விழப்பு’ போதாது

ஐயா அவர்களுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். நம் அகராதிக்கு ‘டீசென்சிடைசேஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஹார்மோனைப் பிடித்துச் செய்தியைக் கடத்தும் புரதம்தான் ஏற்பி (ரிசெப்டர்); ஓயாத தூண்டலால் அது பதிலளிப்பது குறைந்துபோவதே டீசென்சிடைசேஷன். ஐயா எழுதியது:

> ‘ஏற்பி உணர்விழப்பு’ என்றே முடிவு செய்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, பொருளும் விளங்குகிறது. ஆட்சேபணை இருந்தால் எழுதவும்.

எனக்கு ஆட்சேபணை இருக்கிறது, ஐயா. ‘உணர்விழப்பு’ மருத்துவமனையில் ஏற்கெனவே புழங்கும் சொல். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் உணர்விழப்பு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தாலும் உணர்விழப்பு. இதயத் தசைச் செல்லின் மேல் நிற்கும் ஏற்பியின் கதை வேறு. ஹார்மோன் வந்து அமர்ந்தால் அது இன்னமும் பிடித்துக்கொள்ளும். உள்ளே செய்தி போவதுதான் தடைப்படுகிறது. பாளையங்கோட்டை அக்கா சொன்ன ‘கூருணர்வு நீக்கம்’ ஒவ்வாமை சிகிச்சைக்குப் பொருந்தும். அங்கே மருத்துவர் வேண்டுமென்றே செய்கிறார். இங்கே செல் தானாகவே செய்துகொள்கிறது.

செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சொல் அதிலிருந்துதான் வரவேண்டும்.

பயமோ ஓட்டமோ வரும்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் வருகிறது; இதயத்திலேயே உள்ள நரம்பு முனைகள் நார் அட்ரினலினை விடுகின்றன. இரண்டும் தேடிப்போவது செல் படலத்தை ஏழு முறை ஊடுருவி நிற்கும் பீட்டா ஏற்பியை. இதயத்தில் பெரும்பான்மை பீட்டா 1. பீட்டா 2 குறைவு. ஹார்மோன் அமர்ந்ததும் ஏற்பி வடிவம் மாறி, உட்பக்கம் இருக்கும் ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அது அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை எழுப்ப, அந்த நொதி சுழல் ஏஎம்பி என்ற இரண்டாம் தூதுவரை உண்டாக்குகிறது. இந்தத் தூதுவரைக் கண்டறிந்ததற்காகத்தான் ஏர்ல் சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. சுழல் ஏஎம்பி புரதக் கைனேஸ் ஏ-யை விடுவிக்கிறது. அது கண்ட இடமெல்லாம் பாஸ்பேட் ஒட்டுகிறது. படலத்திலுள்ள கால்சியம் வழிகளில் ஒட்டினால் கால்சியம் கூடுதலாக உள்ளே வரும், சுருக்கம் வலுக்கும். பாஸ்போலாம்பன் என்ற சிறு புரதத்தில் ஒட்டினால், கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்கு இறைக்கும் பம்பின் மேலிருந்த கட்டு தளரும். தசை விரைவாகத் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். வேகமாகத் துடிக்கும் இதயத்துக்கு இரத்தம் நிரம்ப நேரம் வேண்டுமே. வலுவாகச் சுருங்கினால் மட்டும் போதாது, வேகமாகத் தளரவும் வேண்டும். ஒரே ஹார்மோன் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். தூண்டல் ஓயாமல் இருந்தால் செல் மூன்று விதமாகத் தற்காத்துக்கொள்கிறது.

முதலாவது, சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள். ஜிஆர்கே என்ற கைனேஸ் ஏற்பியின் உள்வாலில் பாஸ்பேட் ஒட்ட, பீட்டா அரெஸ்டின் என்ற புரதம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜி புரதம் நெருங்க முடிவதில்லை. ஏற்பி அதே இடத்தில்தான் நிற்கிறது, வேலைதான் ஓடவில்லை. இரண்டாவது, படலம் குழிந்து ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்வது. அங்கே பாஸ்பேட் நீங்கினால் ஏற்பி மறுபடி மேலே வரலாம். மூன்றாவது, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடப்பது: ஏற்பி சிதைக்கப்படுகிறது, புதிதாக உண்டாவதும் குறைகிறது, மொத்த எண்ணிக்கையே இறங்கிவிடுகிறது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் பிரையன் கோபில்காவுக்கும் 2012இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ஏற்பிக் குடும்பத்தை ஆராய்ந்ததற்காகத்தான்.

மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இதயச் செயலிழப்பைப் பாருங்கள். செயலிழந்த இதயத்தில் பீட்டா ஏற்பிகள் குறைந்திருப்பதை மைக்கேல் பிரிஸ்டோ குழுவினர் 1982இல் காட்டினர். பின்னர் பிரித்துப் பார்த்தபோது, குறைந்தது பீட்டா 1 மட்டுமே என்று தெரிந்தது. பீட்டா 2 எண்ணிக்கையில் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அதன் செய்தி சரியாக உள்ளே போகவில்லை. நலமான இதயத்தில் ஏறத்தாழ 80க்கு 20 என்றிருந்த பீட்டா 1, பீட்டா 2 விகிதம் 60க்கு 40 அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரே இதயம், ஒரே நோய், ஒரே ஹார்மோன் வெள்ளம். ஆனால் ஒரு ஏற்பிக்கு நேர்ந்தது ஒன்று, மற்றதற்கு நேர்ந்தது வேறு. ‘இரண்டுக்கும் உணர்விழப்பு’ என்று எழுதினால் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்?

முக்கூடல் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, பீடி சுற்றுகிறவர், கணவருக்கு எழுதிக்கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “நெஞ்சு பலவீனமா இருக்குன்னு சொல்லுதிய, பொறவு துடிப்பைக் குறைக்க மாத்திரை தாரியளே, இது எப்படி டாக்டர்?” மருத்துவ உலகமும் வெகுகாலம் இதையேதான் கேட்டது. 1975இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டீன் குழுவினர் இந்த நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பி, அதாவது ஹார்மோன் பீட்டா ஏற்பியில் அமராமல் தடுக்கும் மருந்து, கொடுத்துப் பார்த்தபோது மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் 1999இல் வெளியான இரண்டு பெரிய பீட்டா தடுப்பி ஆய்வுகளில், ஒன்று பைசோப்ரோலால், மற்றொன்று மெட்டோப்ரோலால், இறப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஓயாத ஹார்மோன் தூண்டலே செல்லைக் கெடுக்கிறது. அதைத் தடுத்தால் செல்லுக்கு ஓய்வு. மெட்டோப்ரோலால் எடுத்தவர்களுக்குப் பீட்டா 1 ஏற்பிகள் எண்ணிக்கையில் மீண்டும் கூடுவதும் தெரிந்தது. கார்வெடிலால் என்ற மற்றொரு பீட்டா தடுப்பியில் அப்படிக் கூடவில்லை, ஆனாலும் அது பலன் தருகிறது. ஆக, ஏற்பி திரும்பி வருவது பலனில் ஒரு பகுதிதான். இவ்வளவையும் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு மூன்று சொற்கள் வேண்டும்.

என் முன்மொழிவு: முதலாவதற்கு ‘ஏற்பிச் சுணக்கம்’. நம் பக்கம் ‘வேலை சுணங்கிட்டு’ என்றால் ஆள் இருக்கிறான், வேலைதான் நகரவில்லை என்று அர்த்தம். மறுபடி நகரும் என்பதும் அதில் அடக்கம். இரண்டாவதற்கு ‘உள்வாங்கல்’. திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று செய்தித்தாளில் படிக்கிறோம்; போன தண்ணீர் திரும்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதற்கு ‘ஏற்பி அருகல்’; அருகுதல் என்றால் குறைந்துபோதல்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

---

அன்புள்ள தம்பிக்கு,

‘உள்வாங்கல்’ மறுபேச்சில்லாமல் ஏற்கிறேன். ‘உணர்விழப்பு’ என் முன்மொழிவுதான். பீட்டா 1, பீட்டா 2 வேறுபாட்டைப் படித்தபின் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

‘சுணக்கம்’ பற்றி ஒரு தயக்கம். ‘பணியில் சுணக்கம்’ என்று அரசு அறிக்கைகளில் வரும்போது அதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. செல் செய்வது தற்காப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘அருகல்’ வாசகருக்கு ‘அருகில் வருதல்’ என்று படாதா? ஏற்பி நெருங்கி வருகிறது என்று ஒரு மாணவர் எழுதினால் நாம்தான் பொறுப்பு.

பாளை அக்கா தனிமடலில் கேட்டதையும் சேர்க்கிறேன்: ஏற்பி எண்ணிக்கை இறங்கும் டவுன்ரெகுலேஷனுக்குச் சொல் செய்தால், எண்ணிக்கை கூடும் அப்ரெகுலேஷனுக்கு என்ன செய்வீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து

---

ஐயா,

அக்காவின் கேள்வியே உங்கள் இரண்டாவது தயக்கத்துக்கு வழி காட்டுகிறது. இலக்கணத்தில் ‘அருகிய வழக்கு’ என்கிறோம், ‘பெருவழக்கு’ என்கிறோம். அருகுதலும் பெருகுதலும் தமிழில் ஏற்கெனவே இணை. டவுன்ரெகுலேஷன் ‘ஏற்பி அருகல்’ என்றால் அப்ரெகுலேஷன் ‘ஏற்பி பெருகல்’. பக்கத்தில் பெருகல் நிற்கும்போது அருகலை யாரும் ‘அருகில்’ என்று படிக்கமாட்டார்கள். ‘அருகிவரும் உயிரினங்கள்’ என்று பள்ளிப்பிள்ளைகளும் எழுதுகிறார்கள். முதல் முறை வரும் இடத்தில் ‘ஏற்பிகள் அருகிவிடுகின்றன’ என்று வினையாக எழுதிவிட்டு, பிறகு பெயராக்கினால் போதும்.

பெருகலுக்கு எடுத்துக்காட்டும் இதயத்திலேயே இருக்கிறது. எலியின் இதயத் தசைச் செல்களில் தைராய்டு ஹார்மோன் பீட்டா 1 ஏற்பியின் மரபணுவைத் தூண்டிக் கூடுதலாக உண்டாக்க வைக்கிறது. தைராய்டு மிகுந்தவருக்கு நெஞ்சு படபடக்கும்போது பீட்டா தடுப்பி கொடுத்தால் அடங்குவதை மருத்துவர்கள் தினமும் பார்க்கிறோம்.

சுணக்கத்தில் குற்றச்சாட்டு இருப்பது அறிக்கைத் தமிழில். வயல்காட்டில் ‘மழை சுணங்குது’ என்கிறவர் மழையைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பொருளையே நாம் எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்து வினையாக ‘சுணங்கு’ கிடைப்பது பெரிய வசதி: ஏற்பி சுணங்கியது, சுணங்கிய ஏற்பி, சுணங்காத ஏற்பி. ‘உணர்விழப்பு’ இப்படி வளைந்து கொடுக்காது.

அகராதிப் பதிவில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். பீட்டா 2-வை ஒப்பிட்டால் பீட்டா 1 குறைவாகவே உள்வாங்கப்படுகிறது. ஆகவே ‘உள்வாங்கல்’ பதிவில் பீட்டா 1-ஐ முதன்மை எடுத்துக்காட்டாகப் போட வேண்டாம். தைராய்டு ஹார்மோனின் ஏற்பி செல் மேற்பரப்பிலேயே இல்லை, உட்கருவுக்குள் மரபணுவோடு ஒட்டி இருக்கிறது. அந்தப் பதிவில் இந்த மூன்று சொற்களில் ‘உள்வாங்கல்’ வரவே கூடாது. ‘அருகல்’, ‘பெருகல்’ இரண்டும் வரலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து