கண்ணில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஒவ்வொரு வியாழன் மாலையும் கூடும் எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் இந்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். கண்புரை முகாமுக்கு ஆள் சேர்க்கிறோம், வேன் பிடிக்கிறோம், அறுவை சிகிச்சையும் இலவசமாக முடிந்துவிடுகிறது. அப்புறம்? நாலு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு யார் விடுவது? நடுங்கும் கையால் தாங்களே விட்டுக்கொண்டால் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை.

உங்கள் சங்கத்தில் இதற்கு என்ன செய்கிறீர்கள்? ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் பிள்ளைகளைத் தெருவாரியாகப் பிரித்து அனுப்பியவர்கள் இருந்தால், எப்படி நடத்தினீர்கள் என்று சொல்லுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட மருந்து அட்டை யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வியாழனுக்குள் கிடைத்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடுவோம்.