வைன் கூலர் மேல் அறையில் ஈ1: சென்சாரா, போர்டா?

வடக்குமாடி:
கம்ப்ரசர் வகை, இரண்டு அறை வைன் கூலர். மேல் அறையை 12 டிகிரியில் வைத்திருக்கிறேன். சில நாளாகத் திரையில் 12 என்றே இருந்தது, ஆனால் தம்ளர் தண்ணீரில் போட்ட தெர்மாமீட்டர் 8 காட்டியது. இப்போது திரையில் ஈ1 என்ற பிழைக்குறி வந்து நிற்கிறது. கீழ் அறை சரியாக ஓடுகிறது. சர்வீஸ்காரர் கன்ட்ரோல் போர்டை மாற்றச் சொல்கிறார். மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. முதலில் எதைப் பார்க்கலாம்?

ஓம்மீட்டர்:
போர்டுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். திரை சொல்வதைவிட உள்ளே குளிர்ச்சி அதிகம் என்பதே துப்பு. சூட்டை அளக்கும் இந்தச் சென்சார்கள் என்டிசி வகை, சூடு ஏறினால் ஓம் இறங்கும். சென்சார் தலைக்குள் ஈரம் புகுந்தால் இரண்டு ஒயருக்கும் நடுவே கசிவு உண்டாகி ஓம் குறையும். போர்டு அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு கூடுதலாகக் குளிரவைக்கும். 10 கே (25 டிகிரியில் 10 கிலோ ஓம்) சென்சாரில் 100 கிலோ ஓம் கசிவே 4 டிகிரி ஏமாற்றப் போதும். கனெக்டர் பின் துருப்பிடித்தால் நேர்மாறு: ஓம் கூடும், பெட்டி குளிராது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைத் திறங்கள். படம் எடுத்துக்கொண்டு, இரண்டு அறைச் சென்சார் கனெக்டர்களையும் போர்டில் இடம் மாற்றிச் செருகுங்கள் (பெரும்பாலும் இரண்டும் ஒரே வகை). பிழை கீழ் அறைக்குத் தாவினால் சென்சார் அல்லது அதன் ஒயர், மேலேயே நின்றால் போர்டு.

ஓம் அளக்கும்போது கனெக்டர் கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டிலுள்ள ரெசிஸ்டரும் கணக்கில் சேரும்.

வடக்குமாடி:
மாற்றினேன், பிழை கீழே போய்விட்டது. அறைச் சூட்டில் நல்ல சென்சார் 9.2 கிலோ ஓம். கெட்டது 700 ஓமுக்கும் 2 கிலோ ஓமுக்கும் நடுவே அலைகிறது. கடையில் 10 கே, பீட்டா 3950 கிடைக்கிறது. வாங்கலாமா?

பழுதுப்பெட்டி:
பொறுங்கள். 10 கே என்றால் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், அவ்வளவுதான். சூடு மாறும்போது ஓம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்வது பீட்டா எண், 3435 என்றும் ஒரு வகை உண்டு. அதனால் அறைச் சூட்டில் 3435-ம் 3950-ம் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும், குளிரில்தான் பிரியும். நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, நல்ல சென்சாரை பத்து நிமிடம் வையுங்கள். 27, 28 கிலோ ஓம் வந்தால் 3435. 33-க்குப் பக்கம் வந்தால் 3950. 3435-க்கான போர்டில் 3950 போட்டால் பிழை மறையும், ஆனால் 12 என்று வைத்த அறை 13.5-ல் நிற்கும்.

வடக்குமாடி:
27.4. அப்போது 3435. ஒயர் சுவருக்குள் ஃபோமில் புதைந்திருக்கிறதே?

பழுதுப்பெட்டி:
ஃபோமைத் தோண்டவே வேண்டாம், உள்ளே குளிர்க்குழாய் ஓடலாம். தலையிலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டி, போர்டு பக்கம் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றையொன்று தொடாமல் விரித்துவைத்து அளங்கள். முடிவற்ற ஓம் காட்டினால் ஒயர் நல்லது.

இணைப்புக்கு ஜெல் நிரப்பிய கிரிம்ப் (நசுக்கி இறுக்கும்) கனெக்டர் போதும். பெட்டியில் ஆர்600ஏ என்று எழுதியிருந்தால் அது எரியும் வாயு, உள்ளே லைட்டரோ சால்டரிங் அயனோ கூடாது. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஈரம் ஏறி இதே கோளாறு திரும்பும். இரண்டு இணைப்பையும் ஒரே இடத்தில் போடாமல் முன்பின்னாக வையுங்கள். தலைக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஓம்மீட்டர்:
சென்சார் வரும்வரை போர்டையும் பார்த்துவிடலாம். போர்டில் மேல் அறைச் சென்சார் செருகும் இடத்தில் சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் செருகினால் திரை 25-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். புதுத் தலையைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள், பின்சுவரைத் தொட்டால் கம்ப்ரசர் சீக்கிரமே நின்றுவிடும். மறுபடி தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கெல்லாம் திரும்பக் கழற்ற வேண்டாம்.