எட்டு வயசுப் பையனோட திருச்செந்தூர், மணப்பாடு, உவரி: ஒரே நாள்ல முடியுமா?

பாளை_அம்மா:
பாளையங்கோட்டையில இருந்து நானும் மகனும் மட்டும் கார்ல கிளம்புறோம். நான்தான் ஓட்டணும். தை மாசம் ஒரு ஞாயிறு. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி பாத்துட்டு, கன்னியாகுமரியில சூரியன் மறையுறதையும் பாத்துட்டு ராத்திரி வீடு திரும்பணும். பையனுக்கு வண்டியில வாந்தி வரும். எந்த வரிசையில போகலாம்? எங்க இறங்கித் தண்ணியில நிக்கலாம்?

தேரிக்காட்டான்:
அக்கா, கன்னியாகுமரியை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க. அங்க பொழுது அடைய ஆறேகால் ஆகும். அதுக்கு மேல நாலுவழிச்சாலையில 85 கிலோமீட்டர் இருட்டுல தனியா ஓட்டணும், பின்னால பிள்ளை தூங்கிட்டு வரும். அது வேண்டாம்.

தைப்பூசத்தை ஒட்டின வாரத்தையும் தள்ளிருங்க. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரை ஆட்கள் ஓரத்துல நடந்து வருவாங்க. பச்சை வேட்டி விடியுமுன்ன கண்ணுக்குத் தெரியாது. எந்த ஞாயிறுன்னாலும் விடிஞ்சு கிளம்புங்க. கிழக்க பாத்து ஓட்டுறதால ஏழு மணி வெயில் நேரா கண்ணுல அடிக்கும். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைச்சிருங்க, அந்த மங்கல்தான் ரொம்பக் கூசும்.

ஞாயிறு திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டு வரவே அரை நாள் போயிரும். நிக்காம நேரா மணப்பாடு போங்க, குலசேகரன்பட்டினம் தாண்டினதும் வந்துரும். மணல்மேட்டு மேல திருச்சிலுவைக் கோயில், கட்டினது 1581-ல. கீழ சவேரியார் தங்கின குகை. பையனுக்கு அது பிடிக்கும். ஒன்பது மணிக்குள்ள மேல ஏறிருங்க, அப்புறம் மணல் சுடும். கிழக்குக் கடற்கரைச் சாலைன்னுதான் பேரு, வண்டியில இருந்து பெரும்பாலும் கடல் தெரியாது. ஒவ்வொரு ஊருக்கும் உள்ள திரும்பித்தான் பாக்கணும்.

உப்புக்காத்து:
தண்ணியைப் பத்திச் சொல்லுதேன். மணப்பாட்டுல கருமேனியாறு கடல்ல சேருற உப்பங்கழி இருக்கு. ஓரம் ஆழமில்லாதது, அலையும் அடிக்காது. பையனை அங்க முழங்காலுக்குக் கீழ நிக்க விடுங்க. ஆனா முகத்துவாரம் பக்கம் கூடாது, கழித்தண்ணி கடலுக்குள்ள இழுக்கும். திறந்த கடல்ல இரண்டு அலைக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் நுரையில்லாம அமைதியா, கலங்கலாத் தெரியும். பாக்க நல்ல இடம் மாதிரி இருக்கும், இழுக்குறது அதுதான். கையைப் பிடிச்சே இருங்க.

திருச்செந்தூர்ல அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் உள்வாங்கிப் பாசிப் பாறை வெளிய தெரியும். பச்சை வெல்வெட் மாதிரி இருக்கும், கால் வச்ச உடனே வழுக்கும். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு போட்டுவிடுங்க.

சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டா மணலைப் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணியும் ஊத்தாதீங்க. தோல்ல ஒட்டியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத விஷ அணு வெடிச்சு எரிச்சல் கூடும். கடல்தண்ணியால கழுவி, ஒட்டின இழையைச் சுரண்டாம சின்ன இடுக்கியால எடுத்துட்டு, தாங்குற சூட்டுல வெந்நீர்ல முக்கி வைங்க. மூச்சுத் திணறினா உடனே ஆஸ்பத்திரி.

வண்டிக்கார_அண்ணாச்சி:
வாந்திக்கு: கிளம்ப ஒரு மணி நேரம் முன்ன இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கையில போன் கொடுக்காதீங்க, குனிஞ்சு பாத்தாத்தான் குமட்டும். மாத்திரைன்னா அளவு டாக்டர்ட்ட கேட்டு கிளம்பும் முன்னயே கொடுக்கணும், வந்தபிறகு கொடுத்தா அதையும் வெளிய தள்ளிரும். பின்சீட்டுல உயரம் கூட்டுற பூஸ்டர் சீட் போடுங்க. இல்லன்னா பெல்ட் கழுத்துல அறுக்கும், பையன் அதைக் கக்கத்துக்குக் கீழ தள்ளிருவான், அப்புறம் பெல்ட் போட்டும் பிரயோஜனமில்ல.

மணல்ல காரை இறக்காதீங்க. டயர் புதைஞ்சா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். சுத்துற சக்கரத்து முன்ன மணலைத் தள்ளி, காருக்குள்ள கிடக்குற கால்மிதியை அங்க ரப்பர் பக்கம் மேல இருக்க வச்சு, டயர் காத்தை 18 பிஎஸ்ஐ வரை குறைச்சு, மெதுவா ஏத்துங்க. உடனே பழைய அளவுக்குக் காத்து பிடிங்க, அதுவரை வேகம் வேண்டாம்.

பாளை_அம்மா:
அப்போ மணப்பாடு, உவரி மட்டும். திரும்புற வழி?

தேரிக்காட்டான்:
உவரியில கப்பல் மாதா கோயிலைப் பாத்ததும் பையன் உள்ள ஓடிருவான், கோயிலே கப்பல் மாதிரிதான். மதியம் அங்க நிழல்ல இருந்துட்டு மூணு மணிக்குக் கிளம்புங்க. திசையன்விளை வந்து நாங்குநேரி வழியா நாலுவழிச்சாலை பிடிச்சா வெளிச்சத்துலயே பாளை. உடன்குடிக் கருப்பட்டி வேணும்னா காலையில மணப்பாடு போறப்பவே வாங்கிருங்க, திரும்புற வழியில உடன்குடி வராது.