மறு: [கலைச்சொல்] ‘கம்பாட்டிபிள்’: சேரும், சேராது

அனைவருக்கும் வணக்கம்.

> ‘ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி’க்கு ‘வன்பொருள் ஒத்தியல்பு’ என்றே போட்டுவிடலாமே. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

ஓசூர் அம்மா கேட்டது நியாயம். ஆனால் நம் கையேட்டுக்கு எந்த மிஷினில் எது ஓடும் என்ற பட்டியலை நிரப்ப உட்கார்ந்தால்தான் அந்தச் சொல்லின் சங்கடம் தெரிகிறது. நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மிஷின். இல்லையென்றால் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இவற்றில் எதில் ஃப்ரீபிஎஸ்டி போடலாம், எதில் ஓப்பன்பிஎஸ்டி போடலாம், எதை டெபியன் லினக்ஸோடு விட்டுவிடலாம் (மூன்றும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற இயங்குதளங்கள்) என்று ஒரு பக்கத்தில் சொல்வதுதான் வேலை. ‘ஒத்தியல்பு: உண்டு / இல்லை’ என்று கட்டம் கட்டினால் வைஃபை வரியே நிரம்ப மாட்டேன் என்கிறது.

சில்லு இன்டெல். ஓப்பன்பிஎஸ்டியில் அதற்கு இயக்கி (டிரைவர், பாகத்தை இயக்கும் நிரல்) உண்டு. கருவகம் (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) சில்லை அடையாளமும் காண்கிறது. ஆனால் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) கோப்பு நிறுவல் வட்டில் கிடையாது. அதன் உரிமம் வேறு என்பதால் தனியாக வைத்திருக்கிறார்கள். நிறுவி முடித்து முதல் தடவை பூட் ஆகும்போது ஓப்பன்பிஎஸ்டி தானாகவே இணையத்துக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்துக்கொள்ளும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும், வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும்! லேன் கேபிள் இருந்தால் தப்பித்தோம். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்களில் லேன் ஓட்டையே இல்லை. அப்போது ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தருவது) போட வேண்டியதுதான். ஓப்பன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி இரண்டுக்கும் அதற்கான இயக்கி இருக்கிறது.

இதை ‘உண்டு’ என்று எழுதுவதா, ‘இல்லை’ என்று எழுதுவதா? டெபியன்காரர்களுக்கும் இதே தலைவலி பல ஆண்டு இருந்தது. 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12-இலிருந்து கட்டற்ற உரிமம் இல்லாத நிலைப்பொருளையும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அதற்கென்று ஒரு தனி வட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில்லு மாறவில்லை, இயக்கி மாறவில்லை. வட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது.

‘ஒத்தியல்பு’ என்றால் இயல்பு ஒத்துப்போகிறது என்று பொருள். அதாவது அது பொருளிலேயே உள்ள குணம். நாம் சொல்ல வருவது குணத்தை அல்ல. குறிப்பிட்ட ஒரு சில்லு, குறிப்பிட்ட ஒரு பதிப்போடு, எந்த நிபந்தனையில் வேலை செய்யும் என்பதை. அதற்கு வினைச்சொல்தான் சரிப்படும். நம் ஊரில் அந்த வினைச்சொல் வீட்டுக்கு வீடு இருக்கிறது: சேரும், சேராது. ‘கத்திரிக்காய் எனக்குச் சேராது.’ ‘புது ஊர்த் தண்ணி சேரலை.’ ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்து, பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் பார்த்துவிட்ட மாவட்டத்துக்காரர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கத்திரிக்காயைக் குறை சொல்லவில்லை, உடம்பையும் குறை சொல்லவில்லை. இரண்டுக்கும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

எனவே கட்டத்தில் மூன்று விடைகள்:

தானே சேரும்.
சேர்த்தால் சேரும்.
சேராது.

நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். ‘சேர்த்தால்’ பிறவினை, அது நாம் செய்ய வேண்டிய வேலை: நிலைப்பொருள் கோப்பைக் கொண்டுவந்து வைப்பது, பயாஸில் (மிஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அமைப்பில்) செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் பூட் ஆக விடும் காவலை) அணைப்பது, அங்கேயே ஹார்டு டிஸ்க் இணையும் முறையை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றுவது. ‘சேரும்’ தன்வினை, அது மிஷின் செய்வது. பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘சேர்மானம்’. வன்பொருள் சேர்மானப் பட்டியல்.

தருமபுரியிலிருந்து

---

வணக்கம் ஐயா.

விளக்கம் படிக்கச் சுவையாக இருந்தது. இருந்தாலும் மூன்று கேள்விகள்.

‘சேர்’ என்பது ஏற்கெனவே மென்பொருள்களில் ‘ஆட்’ பொத்தானுக்குப் புழங்குகிறது. குழப்பம் வராதா?

‘சேர்மானம்’ என்றால் எனக்கு மருந்துக்கடைதான் நினைவுக்கு வருகிறது. சித்த மருந்தில் எது எவ்வளவு கலந்தது என்பதுதானே சேர்மானம்? கையேட்டில் போட்டால் ஒரு மிஷினுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியல் என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, ‘ஒவ்வும்’ என்ற சொல்லை யாருமே எடுக்கவில்லையே? சின்னதாக, அழகாக இருக்கிறது.

ஓசூரிலிருந்து

---

எல்லாருக்கும் வணக்கம். நான் இதில் பெரும்பாலும் வாசகன்தான்.

எங்கள் வீட்டில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறோம். கன்று துளிர்த்தால் ‘ஒட்டுப் பிடிச்சிருச்சு’ என்போம், காய்ந்துவிட்டால் ‘பிடிக்கல’. இயக்கியும் சில்லும் கூடுவது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ‘ஒட்டும், ஒட்டாது’ என்று வைக்கலாமா?

சந்தூரிலிருந்து

---

வணக்கம்.

சந்தூர் நண்பரின் ‘ஒட்டு’ எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் எடுக்க முடியாது. வெட்டு, நகல், ஒட்டு என்று பேஸ்ட்டுக்கு அது போய் வெகுகாலம் ஆகிறது. பேட்ச்சுக்கும் (மென்பொருள் திருத்தத்துக்கும்) அதையே சொல்பவர்கள் இருக்கிறார்கள். ‘பிடிக்கவில்லை’ என்றால் இன்னும் மோசம்: ‘வைஃபை பிடிக்கவில்லை’ என்று எழுதினால் சிக்னல் இல்லை என்றுதான் படிப்பார்கள். வெறுப்பு என்றும் படிக்கலாம்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி பூட் ஆகும்போது ஓடும் வரிகளில், இயக்கி கிடைக்காத பாகத்துக்கு நேரே ‘நாட் கான்ஃபிகர்டு’ என்று வரும். இதை ‘அமைக்கப்படவில்லை’ என்று தமிழாக்கினால் படிக்கிறவர் எங்கே போய் அமைப்பது என்று செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். தேடி ஒன்றும் ஆகாது. அந்தப் பாகத்துக்கு எந்த இயக்கியும் முன்வரவில்லை என்பதே பொருள். அங்கே ‘இயக்கி ஒட்டவில்லை’ என்று போட்டால் கச்சிதம். வாக்கியத்துக்குள் வருவதால் பேஸ்ட்டோடு குழம்பாது.

‘ஒவ்வும்’ நல்ல சொல்தான். எதிர்மறைக் கட்டத்தில் ‘ஒவ்வாமை’ என்று எழுதிப் பாருங்கள், தோல் மருத்துவர் நினைவுக்கு வருவார். ‘ஆட்’ பொத்தானைப் பற்றி: அதில் இருப்பது ‘சேர்’ என்ற ஏவல், நாம் எழுதுவது ‘சேரும்’ என்ற தன்வினை முற்று. தமிழ் படிக்கிறவர் யாரும் இரண்டையும் குழப்ப மாட்டார்.

‘சேர்மானம்’ பற்றி அம்மா சொன்னது வலுவான மறுப்பு. உண்மையில் பாகங்களின் பட்டியலும் நமக்கு வேண்டும், ஏனென்றால் ஒரே மாடல் பெயரில் வரும் இரண்டு லேப்டாப்களுக்குள் இரண்டு வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருக்கலாம். மூடியில் எழுதியிருக்கும் பெயரை நம்பிப் பட்டியல் போட்டால் அது வெறும் ஜோசியம். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு உண்டு. இன்டெல்லுக்கு 8086, வேண்டுமென்றே வைத்துக்கொண்ட எண். நாம் அந்த எண்களைத்தான் பதிய வேண்டும். ஆகவே ‘சேர்மானம்’ அந்தப் பாகப் பட்டியலுக்கே இருக்கட்டும். கம்பாட்டிபிலிட்டிக்குப் பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் ‘சேர்வு’. எனக்கு அது அவ்வளவாக ருசிக்கவில்லை, யாராவது மேலானதைச் சொன்னால் மாற்றலாம். கட்டத்தில் வினைச்சொல் இருந்தால் பெயர்ச்சொல் தலைப்பில் ஒரே ஒரு தடவைதான் வரும்.

தருமபுரியிலிருந்து

---

ஐயா, ‘சேராது’ என்ற ஒன்று போதாது. இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஓப்பன்பிஎஸ்டியில் ப்ளூடூத்தை 2014-ல் தூக்கிவிட்டார்கள். எந்தச் சில்லைக் கொண்டுவந்தாலும் அங்கே அது ‘சேராது’. ஆனால் இன்டெல்லின் ஏஎக்ஸ்200 வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீபிஎஸ்டி 13.0-ல் அதற்கு இயக்கி இல்லை, 2022-ல் வந்த 13.1-ல் வந்துவிட்டது. அப்போதும் பழைய 11ஜி வைஃபை வேகம்தான். அதைவிட வேகமான 11என், 11ஏசி சில சில்லுகளுக்கு 14.3-ல்தான் கிடைத்தது. 13.0 காலத்தில் யாராவது ‘சேராது’ என்று எழுதியிருந்தால் அடுத்த ஆண்டே பொய். ‘சேரவில்லை’ என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் உண்மை.

அதனால் வழியே இல்லாததற்கு ‘சேராது’, இந்தப் பதிப்பில் மட்டும் இல்லாததற்கு ‘சேரவில்லை’. கூடவே பதிப்பு எண்ணும் தேதியும் கட்டாயம்.

மூடியை மூடித் திறந்தால் மிஷின் எழுந்திருக்கிறதா என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

அரூரிலிருந்து

---

தம்பி சொன்ன பிரிவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஓசூர் அம்மாவுக்கும் மறுப்பில்லை என்று தனி மடலில் எழுதியிருக்கிறார், தலைப்பில் மட்டும் ‘இணக்கம்’ இருக்கட்டும் என்கிறார். சரி, இருக்கட்டும்.

கடைசிக் கட்டத்தின் பெயர் ‘மூடித் திறந்தால்’. விடை: ‘எழும்’, ‘எழாது’, ‘திரை மட்டும் எழாது’. மூன்றாவது தனியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அது கிராஃபிக்ஸ் இயக்கியின் வேலை. ஃப்ரீபிஎஸ்டியில் அந்த இயக்கி தனித் தொகுப்பாக வருகிறது, மற்றதைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

நிறுவிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் லேப்டாப்பில் இருப்பதை முதலில் பேக்கப் எடுத்துவிட்டு வாருங்கள். டெதரிங்குக்கு டேட்டா போகும் கேபிளாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள், சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள் உதவாது.

தருமபுரியிலிருந்து