ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் இணையம் வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை?

மலையடிவாரம்:
வணக்கம். எங்கள் ஊரில் 40 வீடு, ஊராட்சி அலுவலகத்திலிருந்து 3 கிலோமீட்டர். அலுவலகத்துக்கு அரசு ஃபைபர் வந்து பெட்டியும் மாட்டியாயிற்று. வீடுகளுக்கு இணைப்பு வேண்டும் என்று ஒரு தனியார் நிறுவனத்தைக் கேட்டால், வீடு கம்மி, வர முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மொபைல் சிக்னல் மொட்டைமாடியில்தான். தங்கை கல்லூரி விண்ணப்பத்தை அங்கே வெயிலில் உட்கார்ந்து நான்காவது முயற்சியில்தான் அனுப்பினாள். மாதம் 400 ரூபாய் கொடுக்கப் பலரும் தயார். அப்புறம் என்ன தடை?

கேபிள்காரன்:
தம்பி, தடை மாதக் கட்டணத்தில் இல்லை, முதலில் போடும் பணத்தில் இருக்கிறது. டவுனில் 3 கிலோமீட்டர் ஒயர் இழுத்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும், உங்கள் ஊரில் 40 வீடு, அதிலும் முதல் வருடம் பாதி சேர்ந்தாலே பெரிது. ஒயர், ஸ்ப்ளைசிங் (ஃபைபர் முனைகளை ஒட்டும் வேலை), வீட்டுக்கு வீடு மோடம், கம்பத்துக்கு வாடகை எல்லாம் கைக்காசு. தொழில்நுட்பம் பிரச்சினையே இல்லை. ஓஎல்டி என்பது எங்கள் பக்கத்திலிருந்து ஃபைபரில் இணையத்தை அனுப்பும் பெட்டி; அதன் ஒரு போர்ட் 20 கிலோமீட்டர் வரை தாங்கும், ஸ்ப்ளிட்டர் வைத்து 64 வீட்டுக்குப் பிரிக்கலாம், உங்கள் ஊர் முழுக்க ஒரே போர்ட்டில் அடங்கிவிடும். ஆனால் மழையில் கிளை விழுந்து ஒயர் அறுந்தால் அன்றைக்கே போய் ஒட்ட ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கான கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, கிராமத்து இணைப்புகள் படுத்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

செந்நெல்:
ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவரும் ஒன்றிய அரசுத் திட்டமான பாரத்நெட் 2011இல் வேறு பெயரில் தொடங்கியபோதே இலக்கு ஊராட்சி வரைதான், தமிழ்நாட்டில் அப்படி 12,525 ஊராட்சிகள். பழைய அமைப்பில் கேபிள் நேர்கோட்டில் போகும், நடுவில் அறுந்தால் அதற்கு அப்பால் இருக்கிற ஊர் எல்லாம் போச்சு. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த திருத்திய திட்டத்தில் அதை வளையமாக மாற்றுகிறார்கள், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாக வந்துவிடும். உங்களுக்கு முக்கியமானது வேறு: ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமங்களுக்கும், கேட்டால் இணைப்பு என்று அதில் இருக்கிறது. கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில். வரும் கிராம சபையில் தீர்மானமாகவே போடுங்கள்.

மலையடிவாரம்:
சரி, இந்த வாரமே கையெழுத்து வாங்க ஆரம்பிக்கிறேன். கேபிள் அண்ணே, அது வரும்வரை எத்தனை வீடு சேர்ந்தால் உங்களைப் போன்றவர்கள் வருவீர்கள்?

கேபிள்காரன்:
30 வீடு உறுதியாகச் சேர்ந்தால் என் போன்ற ஆபரேட்டர் யோசிப்பார். ஊர்ப் பையன்கள் இரண்டு பேரை ஸ்ப்ளைசிங் கற்க அனுப்புங்கள், நானே சொல்லித் தருகிறேன்.